டிவி கொடுத்தால் கிராமம் மாறுமா? விக்ரம் சாராபாய் விட்டுச் சென்ற ஒரு பரிசோதனையின் கதை

ஒரு ஆப்பில் புது வசதி ஒன்றைக் கொண்டுவருவதற்கு முன்னால் என்ன செய்வார்கள்? கொஞ்சம் பேருக்கு அதைக் காட்டுவார்கள், கொஞ்சம் பேருக்குக் காட்டாமல் வைப்பார்கள். பிறகு இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் என்ன வித்தியாசம்னு பார்ப்பார்கள். ஐடி, மார்க்கெட்டிங் வேலையில் இருப்பவர்களுக்கு இது தினசரி சமாச்சாரம்.

1975-ல் இந்தியா இதையே கிராமங்களில் செய்து பார்த்தது. மின்சாரமே அரிதாக இருந்த ஊர்களில் டிவி பெட்டியை வைத்து, விண்ணிலிருந்து நேரடியாக நிகழ்ச்சி அனுப்பி, அந்த மக்களிடம் என்ன மாறியது என்று ஒரு வருடம் ஆய்வு செய்தார்கள். பக்கத்திலேயே டிவி இல்லாத ஊர்களையும் ஒப்பிடுவதற்காகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள். ஊடகம் மனிதர்களை என்ன செய்கிறது என்பது பற்றி உலகில் நடந்த மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று அது.

அதற்கு அடித்தளம் போட்டவர் விக்ரம் சாராபாய். இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை என்று பள்ளிப் பாடத்தில் படித்த அதே சாராபாய்தான். ராக்கெட், தும்பா தேவாலயம், அப்துல் கலாம் என்று அவரது கதை நமக்குத் தெரியும். தொலைத்தொடர்பையும் மக்களையும் சேர்த்து யோசித்த சாராபாய் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

வேலைநிறுத்தத்தின் இரண்டு பக்கமும் ஒரே வீட்டில்

1919 ஆகஸ்ட் 12-ல் அகமதாபாத்தில் பிறந்தார் விக்ரம். அப்பா அம்பாலால் சாராபாய் பெரிய துணி ஆலை முதலாளி. கோச்ரப்பில் காந்தி ஒரு தலித் குடும்பத்தை ஆசிரமத்தில் சேர்த்துக்கொண்டபோது நன்கொடைகள் நின்றுபோயின. அப்போது பெயர் சொல்லாமல் காரில் வந்து 13,000 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனவர் இந்த அம்பாலால் என்பது பிரபலமான செய்தி.

அதைவிட சுவாரஸ்யமானது 1918-ல் நடந்தது. அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் தரப்பில் முன்னால் நின்றவர் அம்பாலால். தொழிலாளர்கள் பக்கம் காந்தியோடு நின்றவர் அம்பாலாலின் சொந்த அக்கா அனசூயா. அடுத்த வருடம் அந்தக் குடும்பத்தில் பிறந்த குழந்தைதான் விக்ரம். ஒரே சம்பவம் மேலே இருப்பவருக்கு ஒரு மாதிரியும், கீழே இருப்பவருக்கு வேறு மாதிரியும் தெரியும் என்பதற்கு அந்த வீட்டில் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டு வளாகத்திலேயே பெற்றோர் நடத்திய பள்ளியில் படித்தார். பிறகு கேம்பிரிட்ஜ். இரண்டாம் உலகப் போர் வந்ததால் ஊர் திரும்பி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி. ராமனின் கீழ் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். 1942-ல் நடனக் கலைஞர் மிருணாளினியை மணந்தார். மிருணாளினி சென்னை வழக்கறிஞர் சுவாமிநாதன், அம்மு சுவாமிநாதன் தம்பதியின் மகள். ஐ.என்.ஏ.வின் கேப்டன் லட்சுமியின் தங்கை. போர் முடிந்ததும் மீண்டும் கேம்பிரிட்ஜ் போய் 1947-ல் முனைவர் பட்டத்தோடு வந்தார்.

இயற்பியலாளருக்கு மனிதர்களோடு என்ன வேலை?

அந்த ஒரே வருடத்தில், 28 வயதில், அவர் இரண்டு நிறுவனங்களைத் தொடங்குகிறார். ஒன்று, இயற்பியல் ஆராய்ச்சிக் கூடம். இது அவர் படிப்புக்கு ஏற்றது. இன்னொன்று, அட்டிரா எனப்படும் அகமதாபாத் ஜவுளித் தொழில் ஆராய்ச்சி நிறுவனம். 1956 வரை அதையும் அவரே நடத்தினார்.

அட்டிராவில் நூல், சாயம், இயந்திரம் பற்றிய ஆய்வு மட்டும் நடக்கவில்லை. தொழிலாளர்களின் மனநிலை, வேலை இடத்து உறவுகள் ஆகியவற்றைப் படிக்க ஒரு தனிப் பிரிவும் இருந்தது. உளவியலாளர் கமலா சௌத்ரி அதை வழிநடத்தினார். துணி ஆலைக்கு உளவியல் எதற்கு என்று அந்தக் காலத்தில் பலருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் ஆய்வகத்தில் ஒரு நல்ல முறையைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அதை ஆலையில் இருப்பவர் ஏற்றுக்கொள்ள வேண்டும், பழக்கத்தில் கொண்டுவர வேண்டும். தெரிந்துகொள்வதற்கும் செய்வதற்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1960-ல் பரோடாவில் ஓ.ஆர்.ஜி. எனப்படும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் குரூப்பைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் சந்தை ஆய்வு நிறுவனங்களில் ஒன்று அது. சர்வே எடுப்பது, மாதிரி எடுப்பது, மக்கள் என்ன வாங்குகிறார்கள், என்ன நினைக்கிறார்கள் என்று எண்ணிக்கையில் பார்ப்பது எல்லாம் ஒரு தொழிலாக நம் நாட்டில் வளர்ந்ததில் ஓ.ஆர்.ஜி.க்குப் பெரிய பங்கு உண்டு. 1961-ல் அகமதாபாத் ஐ.ஐ.எம். உருவானதிலும் சாராபாய்தான் முன்னால் நின்றார்.

ஆக, 1962-ல் விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழுவுக்குத் தலைவரானபோது, காஸ்மிக் கதிரை அளக்கத் தெரிந்தவராக மட்டும் அவர் வரவில்லை. மனிதர்களைக் கேட்டு அறியும் நிறுவனங்களையும் கட்டி முடித்துவிட்டு வந்தார்.

ஏழை நாட்டுக்கு செயற்கைக்கோள் எதற்கு?

1963 நவம்பர் 21-ல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. 1966-ல் ஹோமி பாபா விமான விபத்தில் இறந்ததும் அணுசக்தி ஆணையத்தின் தலைமையும் சாராபாயிடம் வந்தது. 1969 ஆகஸ்ட் 15-ல் இஸ்ரோ பிறந்தது.

சோற்றுக்கே கஷ்டப்படும் நாட்டில் இதெல்லாம் தேவையா என்ற கேள்வி அப்போதே வலுவாக எழுந்தது. சாராபாயின் பதில், நிலாவுக்குப் போய் வல்லரசுகளோடு போட்டி போடுவது பற்றியதாக இல்லை. அவர் பேசியது கிராமத்து டிவி பற்றி.

அவரது வாதம் இப்படிப் போகும். இந்தியாவில் டிவி 1959-ல் டெல்லியில் தொடங்கியது. 1972-ல் பம்பாய்க்குப் போகும் வரை டெல்லியைத் தாண்டவே இல்லை. தரையில் கோபுரம் கட்டி, ஊர் ஊராக டிவியை நீட்டிக்கொண்டே போனால் முதலில் பெரிய நகரம், அடுத்து சின்ன நகரம், கடைசியில்தான் கிராமம். யாருக்குத் தகவல் மிக அதிகமாகத் தேவையோ அவர்தான் வரிசையில் கடைசி ஆள். செயற்கைக்கோளுக்கு இந்த வரிசை கிடையாது. மேலே இருந்து பார்த்தால் டெல்லியும் ஒன்றுதான், ஒடிசா மலைக் கிராமமும் ஒன்றுதான். 5 லட்சத்துக்கும் அதிகமான கிராமங்களைக் கொண்ட நாட்டில், பின்தங்கிய இடத்திலிருந்தே தொடங்கலாம்.

1969-ல் டெல்லியில் நடந்த சர்வதேச மாநாடு ஒன்றில் வளர்ச்சிக்கான தொலைக்காட்சி என்ற தலைப்பில் அவர் இதை ஆய்வுரையாகவே வாசித்தார். அதே வருடம் செப்டம்பர் 18-ல் இந்திய அணுசக்தித் துறையும் நாசாவும் ஒப்பந்தம் போட்டன. அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை இந்தியா ஒரு வருடம் இரவல் வாங்கிப் பயன்படுத்தலாம். நிகழ்ச்சி, டிவி பெட்டி, தரை நிலையம், ஆய்வு எல்லாம் இந்தியாவின் பொறுப்பு. திட்டத்தின் பெயர் சைட், அதாவது செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிப் பரிசோதனை.

அந்தக் காலத்து நம்பிக்கை

உலகம் முழுக்க ஊடக ஆய்வாளர்கள் அப்போது ஒரு பெரிய நம்பிக்கையில் இருந்தார்கள். ரேடியோவும் டிவியும் போனால் பழைய சமூகங்கள் தானாக நவீனமாகும், நாடு வளரும் என்பதுதான் அது. அமெரிக்க ஆய்வாளர்கள் டேனியல் லெர்னர் 1958-லும், வில்பர் ஷ்ராம் 1964-லும் எழுதிய புத்தகங்கள் இந்தத் துறையின் வேதம் மாதிரி. டெல்லியில் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் 1965-ல் தொடங்கியதும் இதே காற்றில்தான்.

சாராபாயும் இந்த நம்பிக்கையில் பாதி நின்றவர். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு ஆய்வாளராக, நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. 1967 ஜனவரி 26-ல் டெல்லியைச் சுற்றி 80 கிராமங்களில் பொது டிவி பெட்டி வைத்து கிருஷி தர்ஷன் என்ற விவசாய நிகழ்ச்சி தொடங்கியபோது, அவர் தலைமையிலிருந்த அணுசக்தித் துறை அதில் பங்காளி. கிராமத்தில் டிவி பெட்டி பழுதாகாமல் ஓடுமா, விவசாயி உட்கார்ந்து பார்ப்பாரா, பார்த்தால் ஏதாவது மனதில் தங்குமா என்று சின்ன அளவில் பார்த்துவிட்டுத்தான் பெரிய அளவுக்குப் போனார்கள்.

ஆனால் பெரிய பரிசோதனையைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1971 டிசம்பர் 30-ல், தும்பா வேலையாகப் போயிருந்த இடத்தில், கோவளம் விடுதி அறையில் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 52.

2,400 கிராமங்கள், ஒரு வருடம்

சதீஷ் தவான் தலைமையில் இஸ்ரோவும், யஷ்பால் இயக்குநராக இருந்த அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையமும் வேலையைத் தொடர்ந்தன. சாராபாயோடு ஆரம்பத்திலிருந்தே இருந்த ஏக்நாத் சிட்னிஸ் திட்டத்தை நிர்வகித்தார்.

1975 ஆகஸ்ட் 1-ல் சைட் தொடங்கியது. ஆந்திரா, பிகார், கர்நாடகா, மத்தியப் பிரதேசம், ஒடிசா, ராஜஸ்தான் ஆகிய 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள். ராய்ச்சூர், கர்னூல், சம்பல்பூர், முசாபர்பூர், ராய்ப்பூர் மாதிரியான, நன்றாகப் பின்தங்கிய மாவட்டங்கள். கோழிக்கூண்டு வலையை வைத்துச் செய்த 3 மீட்டர் ஆண்டெனா, பள்ளியிலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோ ஒரே ஒரு பொது டிவி பெட்டி. காலையில் ஒன்றரை மணி நேரம் குழந்தைகளுக்கு, மாலையில் இரண்டரை மணி நேரம் பெரியவர்களுக்கு. இந்தி, தெலுங்கு, கன்னடம், ஒடியா என 4 மொழிகள்.

தமிழ்நாடு இதில் இல்லை. ஆனால் அதே ஆகஸ்ட் மாதம்தான் சென்னையில் தூர்தர்ஷன் வந்தது, நகரத்துக்குக் கோபுரம் வழியாக. சாராபாய் சொன்ன இரண்டு பாதைகளும் ஒரே மாதத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஓடின என்று சொல்லலாம். ராய்ச்சூர் கிராமத்துக்காரர் சென்னைக்காரருக்கு முன்னாலேயே டிவி பார்த்துவிட்டார்!

ஆய்வு எப்படி நடந்தது?

இந்தக் கதையில் தொழில்நுட்பத்தைவிட முக்கியமான பகுதி இதுதான். பொறியாளர்கள் இருந்த அதே நிறுவனத்தில் சமூகவியலாளர்களும் மானிடவியலாளர்களும் சம்பளத்துக்கு இருந்தார்கள். வேலையை மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள்.

நிகழ்ச்சிக்கு முன்: பார்ப்பவர் யார், என்ன தொழில், எவ்வளவு படிப்பு, எந்தப் படம் புரியும், எது குழப்பும் என்று பார்த்து நிகழ்ச்சி தயாரிப்பவருக்குச் சொல்வது.

நிகழ்ச்சி ஓடும்போது: எத்தனை பேர் வந்தார்கள், யார் பாதியில் எழுந்து போனார்கள், எது பிடித்தது, எது புரியவில்லை என்று கிராமத்திலேயே இருந்து எழுதி அனுப்புவது.

நிகழ்ச்சிக்குப் பின்: டிவி வருவதற்கு முன்னால் கேட்ட அதே கேள்விகளை மறுபடி கேட்டு, டிவி இல்லாத கிராமங்களோடு ஒப்பிடுவது.

சர்வே தாளில் சிக்காத விஷயங்களும் உண்டு. பெட்டிக்கு முன்னால் யார் பாயில் உட்காருகிறார், யார் ஓரத்தில் நிற்கிறார், பெண்கள் எந்த நேரத்துக்கு வருகிறார்கள் என்பதெல்லாம் படிவத்தில் வராது. அதற்காக மானிடவியலாளர்கள் சில கிராமங்களில் மாதக்கணக்கில் தங்கினார்கள். பினோத் அகர்வால் இந்தச் சமூக ஆய்வில் முக்கியப் பங்கு வகித்தார்.

முடிவு என்ன சொன்னது?

ஆரம்ப நாட்களில் கூட்டம் அலைமோதியது. புதுமை தீர்ந்ததும் குறைந்து, ஒரு பெட்டிக்குச் சராசரியாக 100 பேர் அளவில் நின்றது. வந்தவர்களில் நிறைய பேர் அதுவரை சினிமா, ரேடியோ, பத்திரிகை எதோடும் பழக்கம் இல்லாத ஏழைகள்.

உடல்நலம், குடும்பக் கட்டுப்பாடு, கால்நடை வளர்ப்பு போன்ற விஷயங்களில் அறிவு கூடியிருந்தது. அதிலும் படிக்காதவர்களுக்கும் பெண்களுக்கும் அதிக லாபம். படித்தவருக்கே எல்லாத் தகவலும் போய்ச் சேரும், இடைவெளி இன்னும் பெரிதாகும் என்ற பயத்துக்கு இது நல்ல பதில். சுமார் 50,000 ஆசிரியர்கள் அறிவியல் பயிற்சி பெற்றார்கள். குழந்தைகளின் மொழித்திறனில் முன்னேற்றம் தெரிந்தது.

ஆனால் விவசாயத்தில் புது முறைகளைக் கையில் எடுத்தார்களா என்று பார்த்தால், டிவி இருந்த ஊருக்கும் இல்லாத ஊருக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் உயரவில்லை. காரணம் புரியாததல்ல. புது விதை பற்றி டிவி சொல்லும். விதை வாங்கக் கடன் யார் கொடுப்பார்? கிணறு இல்லாதவருக்குப் பாசனம் பற்றிய பாடம் எதற்கு? அட்டிராவில் பார்த்தோமே, தெரிவதற்கும் செய்வதற்கும் நடுவிலான பள்ளம், அது இங்கேயும் வாயைத் திறந்துகொண்டு நின்றது. கிராமத்தில் இல்லாதது தகவல் மட்டும் அல்ல, நிலமும் பணமும்கூட. சாராபாயின் கனவில் இருந்த பலவீனமான இடம் இதுதான்.

வேறு குறைகளும் உண்டு. நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி டெல்லி, ஹைதராபாத், கட்டாக் ஸ்டூடியோக்களில் தயாரானவை. பிகாருக்கும் ராஜஸ்தானுக்கும் ஒரே இந்தி போனது. வீட்டில் வேறு பேச்சு பேசுகிறவர்களுக்கு அது அந்நியமாக இருந்தது. அதோடு, 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்திருந்தது. கிராமம் அரசைப் பார்க்க முடிந்தது, அரசுக்குத் திருப்பிப் பேச முடியவில்லை.

இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசு நிறுவனம் ஒன்று தன் கனவுத் திட்டத்தைத் தானே அளந்து, எது வேலை செய்யவில்லை என்பதையும் வெளியிட்டது. வெற்றி விழாவோடு முடித்துக்கொள்ளவில்லை. ஊடகம் போனால் வளர்ச்சி தானாக வரும் என்ற பழைய நம்பிக்கையை உலகமே கேள்வி கேட்கத் தொடங்கியிருந்த நேரம் அது. அந்த விவாதத்துக்கு இந்தியக் கிராமங்கள் சாட்சியம் கொடுத்தன.

கேடா கற்றுக்கொண்ட பாடம்

அந்தப் பாடத்தை உடனே பயன்படுத்திய இடமும் உண்டு. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பிஜ் என்ற ஊரில் ஒரு சின்ன ட்ரான்ஸ்மிட்டர் வைத்து, சுமார் 400 கிராமங்களுக்கு உள்ளூர் நிகழ்ச்சி போட்டார்கள். ஊர்க்காரர்களே நடித்தார்கள், அவர்கள் பேசும் குஜராத்தியிலேயே. வரதட்சணை, தீண்டாமை, விவசாயக் கூலி என்று நிலம் வைத்திருப்பவர்களுக்குப் பிடிக்காத விஷயங்களும் திரையில் வந்தன. ஒவ்வொரு தொடரையும் பார்வையாளரிடம் சோதித்துத் திருத்தினார்கள். 1984-ல் யுனெஸ்கோவின் கிராமப்புறத் தொடர்பு விருது கேடா திட்டத்துக்குக் கிடைத்தது. ஆனாலும் பிற்பாடு பிஜ் நிலையம் மூடப்பட்டது. அதைப்போல இன்னொன்றை நாடு முழுக்கக் கட்டவும் இல்லை.

கருவி வந்தது, கேள்வி எங்கே போனது?

1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டி, கலர் டிவி, இன்சாட். சைட் கொடுத்த அனுபவத்தில்தான் நம் சொந்தச் செயற்கைக்கோள்கள் வந்தன. சில வருடங்களில் டிவி நாடு முழுக்கப் போய்விட்டது. ஆனால் போனது பெரும்பாலும் டெல்லி நிகழ்ச்சிகள். 1980-களின் நடுவில் பி.சி. ஜோஷி குழு தூர்தர்ஷனை ஆராய்ந்தபோது, அது தலைநகரத்தின் டிவியாக இருக்கிறது, கிராமம் அதில் இல்லை என்ற குறையைத்தான் பெரிதாகச் சொன்னது. சாராபாய் தவிர்க்க நினைத்த அதே வரிசை, அவர் கனவு கண்ட கருவியிலேயே திரும்ப வந்துவிட்டது.

அளப்பது மட்டும் நிற்கவில்லை. டிஆர்பி, கிளிக், ஸ்கிரீன் டைம் என்று இன்றைக்கு நம்மை அளப்பதுபோல அன்றைக்கு யாரையும் அளந்ததில்லை. வித்தியாசம் எதில்னா, கேட்கும் கேள்வியில். இன்றைய அளவீட்டில் பெரும்பகுதி, நீங்கள் எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று கேட்கிறது. சைட் ஆய்வாளர்கள், பார்த்ததால் உங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டார்கள். ஏ/பி டெஸ்ட் ஓட்டுகிற எந்த டீமும் இந்த இரண்டாவது கேள்வியையும் எழுதி வைத்துக்கொள்ளலாம், காசு ஒன்றும் கூடுதலாக ஆகாது.

1976 ஜூலை 31 மாலை கடைசி நிகழ்ச்சி முடிந்தது. இரவல் வாங்கிய செயற்கைக்கோள் திரும்பிப் போனது. பிறகு தரைக் கோபுரங்கள் வழியாக அந்தக் கிராமங்களில் ஒரு பகுதிக்குத்தான் டிவி திரும்ப வந்தது. மீதி ஊர்களில் பள்ளிக்கூட வாசலில் கோழிவலை ஆண்டெனா இருந்தது, பெட்டியில் படம் இல்லை.